தலைக்காவிரியிலிருந்து துடுப்பு போட்டு வருகிறேன்

படகில் துடுப்பு போடுவதுபோல் உட்கார்ந்து இழுக்கிற உடற்பயிற்சிக் கருவியான துடுப்பு இயந்திரத்தை வீட்டில் வாங்கிவைத்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். முதல் மாத ஆர்வம் வடிந்த பிறகு எப்படித் தொடர்வது? எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் கேட்டார்கள். என் நாத்தனார் தொலைபேசியில் கேட்டார். எதிர்வீட்டு அக்கா நேரிலேயே வந்து கேட்டார். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். வேகத்தைத் துரத்தாதீர்கள், தூரத்தைச் சேருங்கள். சேர்க்கிற தூரத்துக்கு ஓர் ஊரும் பேரும் இருக்கட்டும். இவ்வளவுதான் என் பதில். ஏன், எப்படி என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு வயது 54. நாமக்கல்லில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டு செய்கிற வேலை. முழங்கால் வலிக்கத் தொடங்கியபோது, உடல் எடை காலில் இறங்காத பயிற்சியாகப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். நீச்சலுக்கு வசதி இல்லை. ஊர் மாறிப்போன ஒரு குடும்பத்திடமிருந்து இந்த இயந்திரத்தைப் பாதி விலைக்கு வாங்கினோம். எட்டடி நீளம், இரண்டடி அகலம். கூடத்தில் சோபாவை வெளியேற்றிவிட்டுத்தான் அதற்கு இடம் கொடுத்தோம். இரண்டாகக் கழற்றிச் சுவரோரம் நிறுத்திவைக்கலாம் என்றார் விற்றவர். நான் கழற்றவில்லை. கழற்றிவைத்தால் காலையில் மாட்ட வேண்டும். மாட்ட வேண்டும் என்ற நினைப்பே ஒரு நாளை விழுங்கிவிடும். எப்போதும் விரித்தபடியே கிடக்கட்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். துணி போடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

என்னிடம் இருப்பது கான்செப்ட் 2 வகை. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த நிறுவனம். டிரைசிகாக்கர் சகோதரர்கள் 1976இல் படகுத் துடுப்பு செய்யத் தொடங்கி, 1981இல் சைக்கிள் சக்கரத்தை வைத்து முதல் இயந்திரத்தைச் செய்தார்கள். சங்கிலியை இழுத்தால் சக்கரம் சுழலும், சக்கரத்தின் இறக்கைகள் காற்றைத் தள்ளும், காற்று எதிர்க்கும். இன்றைக்கும் அடிப்படை இதுதான். மின்சாரம் தேவையில்லை. சிறு திரைக்கு மட்டும் இரண்டு பெரிய பேட்டரி. அதுவும் நாம் இழுக்கும்போது சக்கரம் சுழல்வதிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. விடியற்காலையில் மின்சாரம் போனாலும் என் பயிற்சி நிற்காது. மின்விசிறி நின்றுவிடும் என்பதுதான் தொல்லை.

இப்போது வேகத்துக்கு வருகிறேன். திரையில் பெரிதாகத் தெரிவது 500 மீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற எண். உட்கார்ந்த எவருடைய கண்ணும் அதன்மீதுதான் போகும். நேற்று 2 நிமிடம் 50 வினாடி, இன்று 2 நிமிடம் 45 ஆக்கிவிட வேண்டும் என்று மனது பறக்கும். முதல் சில வாரங்கள் அது குறையவும் செய்யும், ஏனென்றால் இழுக்கிற முறை பழகிக்கொண்டே வருகிறது. அதன்பிறகு எண் அசையாது. அசையாத எண்ணோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள்தான் மூன்றாம் மாதத்தில் இயந்திரத்தை மூலையில் சாத்துகிறார்கள். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு அப்படி.

என் மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கு இது. காற்றின் எதிர்ப்பை மீறிச் செல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற பெருக்கலுக்கு, ஏற்ப உயர்கிறது. இந்த இயந்திரமும் அந்த விதியை வைத்துத்தான் கணக்கிடுகிறது. 500 மீட்டரை 3 நிமிடத்தில் கடக்க 60 வாட் போதும். 2 நிமிடம் 30 வினாடியில் கடக்க சுமார் 104 வாட் வேண்டும். 2 நிமிடத்தில் கடக்க ஏறக்குறைய 203 வாட். இரண்டரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்கு வரும்போது வேகம் கால் பங்குதான் கூடுகிறது, உடல் கொடுக்க வேண்டிய திறன் இரட்டிப்பாகிறது. அத்தனை உழைப்பையும் கொட்டிக் கொடுத்தாலும் திரையில் முப்பது வினாடிதான் குறையும். தூரத்துக்கு இந்தத் தண்டனை கிடையாது. நிதானமாகப் போகிறவருக்கும் ஒரு கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டர்தான்.

நிதானமாகப் போனால் பயன் குறைந்துவிடாதா என்று நாத்தனார் கேட்டார். நார்வேயில் பணியாற்றும் ஸ்டீஃபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர், உலகத் தரத்தில் இருக்கும் துடுப்பு வீரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மெதுவானது, மூச்சு வாங்காதது என்று அவர் கண்டார். பந்தயத்துக்காக வாழ்கிறவர்களே அப்படி என்றால், முழங்காலையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வந்த நாம் தினமும் உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டிய தேவை என்ன? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது. 500 மீட்டருக்கு 3 நிமிடம் என்ற வேகத்தில் 5 கிலோமீட்டர் போக அரை மணி நேரம். வாரம் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம். என் அளவு அங்கேதான் நிற்கிறது.

மெதுவாகப் போகிறேனா என்று கண்டுபிடிக்க எனக்குக் கடிகாரம் வேண்டாம், மாமா போதும். என் மாமனாருக்கு 84 வயது. விடிந்ததும் செய்தித்தாளை வாய்விட்டு வாசிப்பது அவர் வழக்கம். நான் இழுத்துக்கொண்டிருக்கும்போது நாற்காலியை அருகில் போட்டுக்கொண்டு வாசிப்பார். நடுவில், "இந்த மஞ்சள் விலையைப் பார்த்தாயா, அம்மிணி?" என்று கேட்பார். நான் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் வேகம் அதிகம். அவரே, "மெல்ல, மெல்ல" என்பார். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவுதான் மிதமான பயிற்சி என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

இழுப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வலித்தால் யாரும் தொடர மாட்டார்கள். முன்னே நகர்ந்து வரும்போது முழங்காலுக்குக் கீழே கால் தரைக்குச் செங்குத்தாக நின்றால் போதும். அதையும் தாண்டி முன்னே போனால் முழங்கால் இறுகும். பிறகு காலால் உதைக்க வேண்டும். கை நீண்டபடியே இருக்கும், முதுகு இன்னும் சாயாது, இருக்கை பின்னால் ஓடும். கால் ஏறக்குறைய நீண்ட பிறகு உடல் கொஞ்சம் பின்னால் சாயும். கடைசியில்தான் கை மடங்கிக் கைப்பிடி விலா எலும்புக்குக் கீழே வந்து தொடும். திரும்புவது இதற்கு நேர் எதிர்: கை முதலில் நீளும், உடல் முன்னால் சாயும், கைப்பிடி முழங்காலைக் கடந்த பிறகே கால் மடங்கும். போகிற நேரத்தைப் போல இரண்டு பங்கு நேரம் திரும்புவதற்கு. உதைக்கும்போது சக்கரத்தின் காற்று உஸ்ஸென்று எழும்பும், திரும்பும்போது தணியும். தணிகிற ஓசை முழுதாகக் காதில் விழுகிறதென்றால் நிதானம் கைவந்துவிட்டது. நிமிடத்துக்கு இருபது இழுப்பு எனக்குப் போதும். சக்கரத்தின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் இருக்கும். 10இல் வைத்தால்தான் நல்ல பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது காற்றை அதிகம் உள்ளே விடும் வழி, அவ்வளவுதான், முதுகுக்குச் சுமை. 3க்கும் 5க்கும் இடையில் வைத்தால் நல்லது. சக்கரம் எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதை ஒவ்வொரு இழுப்பிலும் திரை அளந்துகொள்வதால், நெம்புகோல் எங்கே இருந்தாலும் மீட்டர் கணக்கில் பிசகு வராது.

இனி ஊரும் பேரும்.

பள்ளியில் பழைய தென்னிந்திய வரைபடம் ஒன்று பயன்பாட்டில் இல்லாமல் சுருட்டிக் கிடந்தது. தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு நூலை எடுத்துத் தலைக்காவிரியில் தொடங்கி ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் விரலால் அழுத்தி அழுத்திப் பூம்புகார் வரை கொண்டுபோனேன். பிறகு நூலை நிமிர்த்தி அளவுகோலில் வைத்து, கிலோமீட்டருக்கு மாற்றி, நூலிலேயே மையால் புள்ளி வைத்தேன். காவிரியின் நீளம் சுமார் 800 கிலோமீட்டர். மாதம் 100 கிலோமீட்டர் வீதம் போனால் எட்டு மாதப் பயணம். வரைபடத்தை இயந்திரத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டி, சிவப்புக் குண்டூசி ஒன்றைக் குடகு மலையில் குத்தினேன். அன்றிலிருந்து திரையில் நான் பார்ப்பது மொத்த மீட்டரை மட்டும்தான். வேகம் காட்டும் எண்ணின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டேன்.

கர்நாடகப் பகுதி எனக்கு அதிகம் பழக்கமில்லை. ஆனாலும் குஷால்நகர், கிருஷ்ணராஜ சாகர், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று குண்டூசி நகரும்போது அந்தந்த ஊரைப் பற்றிப் படிக்கத் தோன்றியது. சிவனசமுத்திரத்தை நெருங்கிய வாரம் வகுப்பில் நீர்மின்சாரம் நடத்திக்கொண்டிருந்தேன். 1902இலேயே அந்த அருவியிலிருந்து கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போனதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். "மேடம் இப்போது அங்கேதான் இருக்கிறார்" என்று ஒரு பையன் மற்றவர்களிடம் சொன்னான். மறுநாள் காலை இருக்கையில் உட்கார அந்த ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் வகுப்பில் "எந்த ஊர்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். பதில் சொல்ல ஓர் ஊர் வேண்டுமே!

மேகதாது, ஒகேனக்கல் தாண்டி மேட்டூருக்குள் நுழைந்தபோதுதான் மாமா முழுமூச்சாக இதில் இறங்கினார். அணை 1934இல் கட்டி முடிந்தது. நீர் மட்டம் நன்றாக இறங்கிய கோடைகளில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். இளம் வயதில் அதைப் பார்க்கப் போனதை அவர் சொன்னார். நந்தியின் முதுகில் சேறு வெடித்திருந்ததாம், ஒருவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாராம். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து கேட்டிராத கதை. குண்டூசி அங்கே போய் நின்றதால் வந்தது. அடுத்த கதை பவானிக் கூடுதுறையில் காத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஐந்து மணிக்கு எழுந்திருப்பது கடினமே இல்லை.

பவானி, ஈரோடு, கொடுமுடி, பரமத்தி வேலூர் என்று வந்து மோகனூரை நெருங்கினேன். அது மாமாவின் சொந்த ஊர். அங்கே போய்ச் சேருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அவர் வரைபடத்தின் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கல் பாலம் வருவதற்கு முன் மோகனூரிலிருந்து அக்கரைக்குப் பரிசல்தான். வெற்றிலைக் கூடை, ஆட்டுக்குட்டி, சைக்கிள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் போயிருக்கிறார்கள். பரிசல்காரர் நேராக அக்கரையைப் பார்த்துத் துடுப்பு போட மாட்டாராம். ஆற்றில் தண்ணீர் அதிகமாக இருந்தால், பரிசலைக் கரையோரமாகவே மேற்கே வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய், அங்கிருந்து விடுவாராம். ஆறு கீழே தள்ளுகிற தள்ளிலேயே சரியான துறைக்குப் போய்ச் சேரும். அவர் அங்கங்கே ஓர் அடி போட்டுத் திருப்புவதோடு சரி.

"அந்த ஆளுக்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை, கண்ணு. நாளெல்லாம் போட வேண்டுமே" என்றார் மாமா.

இயற்பியலில் இதற்கு வேகங்களின் வெக்டர் கூட்டல் என்று பெயர். பதினோராம் வகுப்பில் ஆற்றைக் கடக்கும் படகு ஒரு கணக்காகவே வரும். இந்த ஆண்டு அந்தக் கணக்கை மோகனூர்ப் பரிசலை வைத்துத்தான் நடத்தினேன்.

மோகனூரை அடைந்த அன்று மாமா இயந்திரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். காலைப் பட்டையில் கட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்து, காலை நீட்டியபடியே கையால் மட்டும் சில இழுப்பு இழுத்தார். சக்கரம் லேசாக முனகியது. திரையில் 40 மீட்டர் காட்டியது. அந்த 40 மீட்டரை நோட்டுப் புத்தகத்தில் அவர் பெயரிலேயே எழுதினேன்.

இடைவெளி விழுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். விழத்தான் செய்யும். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம் வந்தால் எனக்கு இரண்டு வாரம் போய்விடும். திருமணம், காய்ச்சல், விருந்தாளி எல்லாம் உண்டு. தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும் செயலிகளை நான் வெறுக்கிறேன். ஒரு நாள் தவறினால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். அதுவரை செய்ததெல்லாம் இல்லாமலே போனதுபோல் ஒரு ஏமாற்றம். அந்த ஏமாற்றத்திலேயே விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். தூரம் அப்படி அழியாது. முகாம் முடிந்து வந்தபோது குண்டூசி குளித்தலையில்தான் நின்றது, தலைக்காவிரிக்குத் திரும்பிப் போயிருக்கவில்லை. இடைவெளிக்குப் பிறகு முதல் நாள் இரண்டு கிலோமீட்டர் மட்டும், மூன்றாவது நாளில்தான் ஐந்து. உடம்பு அசதியாக இருக்கும் நாட்களில் 500 மீட்டர் போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்பது என் விதி. பெரும்பாலும் எழுந்திருக்கத் தோன்றாது. தோன்றினால் எழுந்துவிடுவேன், அதுவும் கணக்கில் சேரும்.

கலோரி எண்ணை நான் பார்ப்பதில்லை. காரணம் உண்டு. இந்த இயந்திரம் கலோரியைச் சுமார் 79 கிலோ எடையுள்ள ஒருவரை மனதில் வைத்துக் கணக்கிடுகிறது. நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு அது கூடுதலாகவே காட்டும். அதை நம்பி ஒரு பூரி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, எடை குறையவில்லையே என்று இயந்திரத்தின்மேல் கோபப்படுகிறார்கள். மீட்டரில் அந்தச் சிக்கல் இல்லை. யார் உட்கார்ந்தாலும் ஒரே கணக்கு.

பராமரிப்பு சின்ன வேலைதான். முடித்ததும் இருக்கை ஓடும் தண்டைத் துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வியர்வையும் தூசியும் சேர்ந்து உருளை கரகரக்கும். 50 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய். தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார், கூடாது, பிசுபிசுத்துவிடும். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் போன்ற கனிம எண்ணெய்தான். எங்கள் வீட்டில் அது என் கணவரின் பொறுப்பு.

இப்போது கல்லணையைத் தாண்டிவிட்டேன். முக்கொம்பில் கொள்ளிடத்தை வடக்கே விட்டுவிட்டுத் தெற்குக் கிளையைப் பிடித்தேன். ஸ்ரீரங்கம் வழியாகப் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. அடுத்தது திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை. வகுப்புப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி, பூம்புகாருக்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்பது. வைகையில் தொடங்குவேன். அது சுமார் 258 கிலோமீட்டர்.

எதிர்வீட்டு அக்கா போன வாரம் தன் மகன் வாங்கிக்கொடுத்த இயந்திரத்தைத் தூசி தட்டி எடுத்துவிட்டார். காவிரி வேண்டாம், முதலில் சிறிய ஆறாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குப் பிறந்த ஊர் அம்பாசமுத்திரம். தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர். நாளொன்றுக்கு மூன்று கிலோமீட்டர் போனாலும் இரண்டே மாதத்தில் புன்னைக்காயலில் கடலைப் பார்த்துவிடலாம். நூலும் மையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.